பேசி முடித்த வீட்டுக்குப் பிந்தி வந்த விலை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடையில் ஒரு மூட்டை அரிசிக்கு விலை பேசி முடித்த பின்னர், இன்னொருவர் வந்து இரண்டு வெள்ளி கூடத் தருவதாகச் சொன்னால், நம்மில் யாரும் முதல் ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டோம். நாளைக்கும் அவர் நம் கடைக்கு வரவேண்டுமே! ஆனால் வீடு விற்பது ஆயுளில் ஒரு முறை. வாங்குகிறவர் மறுபடி நம்மிடம் வரப்போவதில்லை. கூடுதலாகக் கிடைப்பதோ ஆயிரக்கணக்கான வெள்ளி. அங்கேதான் நம் நாணயம் சோதிக்கப்படுகின்றது. இந்தப் பாடத்தில் அதனை ஆராய்வோம்.

நமக்கே நேர்ந்த விஷயம் இது. ஆயர் ஈத்தாமில் நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் விட்டுச் சென்ற அடுக்குமாடி வீடு ஒன்று இருந்தது. வாரிசுகள் நாமும், விதவையான நம் லாத்தாவும்தான். பெயர் மாற்றமெல்லாம் முடிந்தபின் விற்பதென்று முடிவு செய்தோம். பலர் வந்து பார்த்தனர். கடைசியில் அடுத்த வீட்டுச் சீனர், கல்யாணமான தம் மகன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று 3 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளிக்குச் சம்மதித்தார். லாத்தாவிடம் கேட்டுக்கொண்டு, வியாழன் இரவு கைகொடுத்துப் பேசி முடித்தோம். திங்களன்று வக்கீலிடம் போய் அச்சாரம் வாங்குவதென்று ஏற்பாடு.

சனிக்கிழமை இரவு நம்மவர் ஒருவர் டெலிபோனில் அழைத்து, 3 லட்சத்து 45 ஆயிரம் தருவதாகச் சொன்னார். 25 ஆயிரம் வெள்ளி கூடுதல்! அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. உறவினர்கள் மூன்று நியாயங்கள் சொன்னார்கள். ஒன்று, எழுத்தும் இல்லை, அச்சாரமும் இல்லை. இரண்டு, முதல் ஆள் நம் மார்க்கத்துச் சகோதரர் அல்லர். மூன்று, லாத்தாவின் பங்கை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்து இல்லை என்பது. விற்பனையில் படிகள் உண்டு. பலரும் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் சம்மதம் சொல்லாத நிலையில், அதிக விலை தருபவருக்கு விற்பதில் குற்றமே இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஓர் ஏழை அன்சாரியின் விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலம் கூறி, ஒரு திர்ஹம் என்றவரை விட்டு இரண்டு திர்ஹம் தந்தவருக்கு விற்றதாக ஹதீஸ் உண்டு. ஆனால் வராத ஆளை வந்ததாகச் சொல்லியோ, வாங்கும் எண்ணமில்லாதவரைக் கொண்டு விலை ஏற்றியோ விற்பது ‘நஜ்ஷ்’ எனப்படும், அது ஹராம்.

விலை முடிவாகிவிட்டால் நிலைமை வேறு. ஒருவர் பேசி முடித்த பேரத்தின் மேல் இன்னொருவர் பேரம் பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கின்றார்கள். இரு தரப்பும் விலைக்குத் தெளிவாக இணங்கிவிட்டது தெரிந்தும் குறுக்கே வருவது ஹராம் என்பதே நம் ஷாஃபிஈ உலமாக்களின் தீர்ப்பு. விற்பவர் அதற்கு இடங்கொடுத்தால், பாவத்துக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஆவார். அத்துடன், வாக்களித்து மாறுவதை முனாஃபிக்கின் அடையாளங்களில் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) எண்ணியிருப்பதையும் நாம் மறக்கலாகாது.

சர்க்கார் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பத்திரம் கையெழுத்தாகுமுன் எதுவும் கட்டுப்படுத்தாது என்று நினைப்பது தவறு. ஆயர் ஹீத்தாம் ஈயக் கம்பெனி வழக்கில் (பெயர்தான் ஒன்று, நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) பின்னால் எழுதப்படும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்ற வாசகத்தால் உடன்பாடு இன்னும் முடியவில்லை என்று 1994ல் தீர்ப்பாயிற்று. ஆனால் 1996ல் சார்ல்ஸ் கிரெனியர் வழக்கில், முக்கியமான ஷரத்துக்கள் எல்லாம் முடிவாகிவிட்டதால், முறையான பத்திரம் வருமுன்னரே உடன்பாடு கட்டுப்படுத்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறிற்று. ஆகவே அச்சாரக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். பத்திரம் முடிந்தபின் மாறினாலோ, 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி, வீட்டையே எழுதிக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட இடமுண்டு.

இரண்டாவது, சகோதரர் அல்லர் என்பது. ஹதீஸில் சகோதரன் என்ற சொல் வந்திருப்பதால், தடை முஸ்லிமுக்கு மட்டுமே என்று இமாம் அவ்ஸாஈ (ரஹ்) போன்ற சிலர் கருதியதுண்டு. ஆனால் பெரும்பாலான உலமாக்கள் இதில் முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற வேற்றுமை இல்லை என்றே கூறியுள்ளனர். நம்மவர்கள் பினாங்கில் கடை வைத்துப் பிழைத்தது எல்லா இனத்தாரும் நம் சொல்லை நம்பியதால்தானே! ஆளைப் பார்த்து வாக்கை நிறுப்பவனுடைய தராசு கள்ளத் தராசு.

இங்கே ஒரு சம்பவம். ஸஹீஹுல் புகாரியில் வருவது. நபிகள் நாயகத்தால் விடுதலை செய்யப்பட்ட அபூராஃபிஃ (ரலி) அவர்களுக்கு, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅதிடமே கேட்டார். ஸஅதோ, 4,000 திர்ஹமுக்கு மேல் தரமுடியாது, அதுவும் தவணையாகத்தான் என்றார். வேறிடத்தில் 500 தீனார் கேட்கப்பட்டிருந்தது. ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்று வைத்தாலும் அது 5,000 ஆகும். இருந்தும், அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டதனால், அபூராஃபிஃ குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார். அண்டை வீட்டாரின் இவ்வுரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் அதிக விலையே எல்லாவற்றிலும் பெரிய உரிமை அன்று என்ற பாடம் இருவருக்கும் பொது.

மூன்றாவது நியாயம்தான் நம்மை உண்மையில் வாட்டியது. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற பங்குப்படி, அந்த 25 ஆயிரத்தில் லாத்தாவுக்கு 8,333 வெள்ளி சேரும். நம் பணத்தில் நாம் தாராளம் காட்டலாம். பிறர் பணத்தில் காட்டலாகாது. ஆகையால் ஞாயிறு காலை சுப்ஹுக்குப் பின் லாத்தா வீட்டுக்குப் போய் ஒளிக்காமல் எல்லாம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “தம்பி, நீ கேட்டபோது நானும் சரி என்றுதானே சொன்னேன்? அது என் வாக்கும்தான். வாப்பா வீட்டை அப்படி விற்க வேண்டாம்” என்றார்.

அதுவே நமக்கு ஃபத்வாவாக இருந்தது. பிந்திக் கேட்டவரிடம் வீடு பேசி முடிந்ததென்று தெரிவித்தோம். தமக்கு அது தெரியாதென்று வருத்தம் தெரிவித்து அவர் விலகிக்கொண்டார். திங்களன்று அடுத்த வீட்டாருக்கே கையெழுத்திட்டோம். 25 ஆயிரத்தை விட்டது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டோம், இல்லை.

சகோதரர்களே! சம்மதம் சொல்லுமுன் நன்றாக விசாரியுங்கள். இன்னும் சிலர் பார்க்கவிருந்தால், ஒரு வாரம் பொறுங்கள் என்று வெளிப்படையாகக் கூறுங்கள். வாரிசுகள் அனைவரிடமும் முதலிலேயே கேளுங்கள். பேசி முடித்தபின் மெய்யான நெருக்கடி வந்தால், முதல் ஆளிடமே போய் உள்ளதைச் சொல்லி விடுதலை கேளுங்கள். மனமுவந்து விட்டால் சரி. ‘இகாலா’ என்னும் அவ்விட்டுக்கொடுத்தலுக்கு நன்மை உண்டு. விடாவிட்டால் வாக்கைக் காப்பாற்றுங்கள். அதிக விலையைக் காட்டி மிரட்டி, அவரிடமே மேலும் கறப்பது விடுதலை கேட்பதாகாது.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.