மாதிரி ரயிலை ஓட்டும் கணிப்பொறி

தருமபுரியிலிருந்து ஓமலூர் செல்லும் ரயில் வண்டியை அதியமான்கோட்டை வட்டாரத்து மாணவர்கள் நன்கு அறிவார்கள். இத்தகைய வண்டியைச் சிறிதாக்கி, மேசை மேல் ஓடவிட்டால் அதுவே மாதிரி ரயில். இதை வீட்டுக் கணிப்பொறியால் இயக்குவது எப்படி என்று பார்ப்போம்.

பழைய மாதிரி ரயில்களில் தண்டவாளங்கள் இரண்டிற்கும் சுமார் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் தரப்பட்டது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். ஆனால் ஒரே தடத்தில் இரண்டு என்ஜின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது.

இக்குறையைப் போக்க வந்ததே டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1980களின் நடுவில் இம்முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் வேறொரு முறையைப் பொது விதியாக்கியது. அதையே இங்கு காண்போம்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் திசை இடைவிடாது மாறும். திசை 58 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை மாறினால் அது ‘1’. 100 மைக்ரோ வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் அது ‘0’. இவ்வாறு மின்சாரமும் செய்தியும் ஒரே தடத்தில் செல்கின்றன.

ஒவ்வொரு என்ஜினுக்கும் ஓர் எண் உண்டு. 3ஆம் எண் என்ஜினுக்குக் கட்டளை அனுப்புவோம்:

முகவரி: 00000011
கட்டளை: 01101000
சரிபார்ப்பு: 01101011

கட்டளையின் முதல் இரு இலக்கங்கள் ‘இது வேகக் கட்டளை’ என்கின்றன. மூன்றாவது இலக்கம் 1 எனில் முன்னோக்கி, 0 எனில் பின்னோக்கி. மற்றவை வேகத்தைக் குறிக்கும். மூன்றாம் வரி எப்படி வந்தது? மேலுள்ள இரு இலக்கங்களும் ஒன்றாயிருந்தால் 0, வேறுபட்டால் 1. என்ஜினிலுள்ள சிறு மின்சுற்று இக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் கட்டளையைத் தள்ளிவிடும். அழுக்குப் படிந்த தண்டவாளத்தில் செய்தி சிதையலாம் அல்லவா? அதனால்தான் கட்டளைகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன.

கட்டளையிட்டால் மட்டும் போதுமா? வண்டி எங்கே இருக்கிறது என்று கணிப்பொறிக்குத் தெரிய வேண்டாமா? இதற்காகத் தடத்தைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதியில் மின்னோட்டம் செலவானால் அங்கே வண்டி உண்டு என்று பொருள். முன்னுள்ள பகுதி காலியாக இல்லையென்றால் கணிப்பொறி பின்வரும் வண்டியை நிறுத்திவிடும்.

உண்மையான ரயில்வேயிலும் இதைப் போன்ற ‘தடச்சுற்று’ உண்டு. தண்டவாளத்தின் வழியே சிறு மின்னோட்டம் சென்று ஒரு ரிலேயை இயக்கும். வண்டியின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் ரிலே விழுந்து, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்பே விழும். பழுது ஏற்பட்டால் வண்டி நிற்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 நவம்பர் 12 அன்று தொப்பூர்–சிவாடி நிலையங்களுக்கிடையே பாறைகள் சரிந்து விழுந்ததால் கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு வண்டி தடம்புரண்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தண்டவாளம் முறியாத வரை, பாறை விழுந்ததைத் தடச்சுற்று அறியாது. கருவி சொல்வது மட்டுமே கணிப்பொறிக்குத் தெரியும். ஆகவே, எதை அளக்கிறோம், எதை அளக்கவில்லை என்று முதலில் கேட்பதே நல்ல பொறியாளரின் வேலை.

பயிற்சி: 5ஆம் எண் என்ஜினுக்கு 01001000 என்ற கட்டளை. வண்டி எத்திசையில் செல்லும்? சரிபார்ப்பு வரி என்ன?

விடை: பின்னோக்கி, 01001101.