அடிக்கும் பிள்ளைக்கு ஒரு நண்பன் இருக்கிறானா?

பாடசாலையில் இருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. மகன் இடைவேளையில் இன்னொரு பிள்ளையைத் தள்ளி விழுத்திவிட்டான், உடனே வரவும் என்கிறார்கள். வேலையை இடையில் விட்டு ஓடிச் செல்லும் தாய்க்கு முதலில் வருவது வெட்கம். பிறகு கோபம். மாலையில் தகப்பனார் வேலையால் வந்ததும் விசாரணை, அதன் பின் அடி. "ஒருவருக்கும் அடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அடிக்கிறோம்.

சில நாட்களின் பின் அந்தப் பிள்ளையை எம்மிடம் கூட்டி வருவார்கள். "டொக்டர், இவனுக்கு என்ன குறை? கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம். நாங்கள் பட்ட கஷ்டம் ஒன்றும் இவனுக்கு இல்லை" என்பார்கள். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருப்பான். அப்பொழுது நாம் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குச் சற்று விசித்திரமாகப் படும். "இவனுடைய மிக நெருங்கிய நண்பன் யார்? பெயர் என்ன?" என்று கேட்போம். பல வீடுகளில் இதற்குப் பதில் வருவதில்லை.

இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறோம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பிள்ளை எதைப் பழகுகிறது?

பிள்ளைகள் அடிதடியை ரீவியிலும் கெட்ட சிநேகிதத்திலும் இருந்து பழகி வருகிறார்கள் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். மொன்றியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வேறொன்றைக் கண்டார். மனிதர் வாழ்க்கையில் கையால் அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் மிக அதிகமாக இருக்கும் காலம் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட காலமே. பேரப்பிள்ளை விளையாட்டுச் சாமானுக்காகத் தங்கையின் தலைமயிரைப் பிடித்து இழுப்பதைப் பார்த்த அம்மம்மாமாருக்கு இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அந்த வயதுக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகளில் இது குறைந்துகொண்டே போகிறது. அதாவது, பிள்ளை பழகுவது அடிக்காமல் இருப்பதை. காத்திருக்க, கேட்டு வாங்க, கோபத்தை வாயால் சொல்ல அது பழகுகிறது. இதைப் பழக ஓரளவு அமைதியான மூளையும், கூடிப் பழக மற்றப் பிள்ளைகளும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தால் எட்டு, பத்து வயதிலும் கை முந்திக்கொள்ளும்.

கடுகு தாளிக்கும்போது அலறும் அலாரம்

ஆபத்து என்று மூளை கருதியவுடன் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். நாய் துரத்தும்போது இது உயிரைக் காக்கும். ஆனால் வீட்டில் தினமும் சண்டை, பாடசாலையில் தினமும் கேலி, போதாக்குறைக்கு நித்திரைக் குறைவு என்றால் இந்த ஏற்பாடு ஓய்வதே இல்லை. எமது குசினிகளில் உள்ள புகை அலாரத்தை நினைத்துப் பாருங்கள். கடுகு தாளித்தாலே அலறும். வீடு பற்றி எரியவில்லை என்பது அலாரத்துக்குத் தெரியாது. நீண்ட அழுத்தத்தில் இருக்கும் பிள்ளையின் மூளையும் இப்படித்தான். "பொறு, யோசி" என்று கட்டுப்படுத்தும் முன்மூளை முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கும் மேலாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டொட்ஜ் 1980ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறுவர்கள் பொருத்திக்கொண்டிருந்த பஸிலை இன்னொரு சிறுவன் குலைத்துவிட்டதாக அவர்களை நம்பச் செய்தார்கள். வேண்டுமென்றே குலைத்தான் என்று தெரிந்தபோது எல்லாச் சிறுவர்களும் கோபப்பட்டார்கள். தவறுதலாக நடந்தது என்று தெரிந்தபோது எல்லாருமே பொறுத்துக்கொண்டார்கள். எது என்று தெளிவில்லாதபோதுதான் வேறுபாடு வந்தது. அடிதடிக்குப் பெயர் எடுத்த சிறுவர்கள் அதை வேண்டுமென்று செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பாடசாலை மைதானத்தில் பெரும்பாலான விடயங்கள் இப்படித் தெளிவில்லாதவையே. பின்னால் இருந்து பந்து வந்து படும். யாரோ சிரிப்பார்கள். எம் பிள்ளை திரும்பி அடிப்பான். அவனைப் பொறுத்தவரை முதலில் அடித்தவன் மற்றவன். இதன் பின் மற்றப் பிள்ளைகள் அவனை விளையாட்டில் சேர்ப்பதில்லை. ஒதுக்கப்பட்டவன் இன்னும் உசாராகிறான், இன்னும் வேகமாக அடிக்கிறான். இந்தச் சுழலுக்குள் அகப்பட்ட பிள்ளையையே நாம் "முரடன்" என்கிறோம்.

பெண்பிள்ளைகளில் இது வேறு வடிவம் எடுப்பதுண்டு. "அவளோடு கதைக்காதே", "உனக்குப் பிறந்தநாளுக்குச் சொல்லமாட்டேன்" என்று ஒருத்தியை ஒதுக்குவது, வட்ஸ்அப் குழுவில் இருந்து நீக்குவது. இரத்தம் வராதபடியால் பாடசாலையும் வீடும் இதைக் கவனிப்பதில்லை. ஆண்பிள்ளைகளும் இதைச் செய்வார்கள்.

எமது வீடுகளின் அழுத்தம்

கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கும் வீட்டில் என்ன அழுத்தம் என்று கேட்கலாம். தகப்பன் இரவு வேலை, தாய் காலை வேலை, இருவரும் சந்திப்பது வாசல்படியில். வீட்டுக்கடன் கட்ட வேண்டும், ஊருக்கும் அனுப்ப வேண்டும். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கதைத்தாலும் பிள்ளைக்குச் சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும்.

போரையும் நாம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறோம். 2008ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியது. போரை அதிகம் கண்ட பிள்ளைகளே வீட்டிலும் அதிகம் அடிபட்டிருந்தார்கள். தகப்பனின் குடியும் இதனோடு தொடர்புபட்டிருந்தது. இங்கு பிறந்த பிள்ளை செல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும் தகப்பனோடுதான் வளர்கிறது. அகதியாக வந்தவர்கள் என்ற வகையில் இது எமக்கும் புதிதல்ல. தனக்கு நித்திரை இல்லை, கோபம் அடங்குதில்லை என்று ஒரு தகப்பன் வைத்தியரிடம் சொன்னால், அது பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யும் வைத்தியம்.

அடுத்தது நேர அட்டவணை. திங்கள் கணித வகுப்பு, புதன் மிருதங்கம், வெள்ளி நீச்சல், சனி தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு நடனம். இவை எல்லாம் நல்லவை, தமிழ் வகுப்பை நிறுத்தும்படி நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர நித்திரை தேவை. எமது விழாக்களில் கேக் வெட்டவே இரவு பத்து மணியாகிறது!

ஒரு நண்பன் போதும்

இனி நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மொன்றியலில் உள்ள கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தார் 2011ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 5ம், 6ம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேர் பங்குபற்றினர். அன்றன்று நடந்ததையும், அப்போது யார் கூட இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களுடைய உமிழ்நீரில் கோர்ட்டிசோல் அளக்கப்பட்டது. கசப்பான சம்பவம் நடந்தபோது தனித்திருந்த பிள்ளைகளின் கோர்ட்டிசோல் உயர்ந்தது, தம்மைப் பற்றிய மதிப்பும் தாழ்ந்தது. நெருங்கிய நண்பன் அருகில் இருந்தவர்களில் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. நண்பன் ஒன்றும் செய்யவில்லை, அருகில் இருந்தான், அவ்வளவுதான். அலாரம் அடங்குவதற்கு அது போதுமாக இருந்தது.

பத்து நண்பர்கள் வேண்டியதில்லை. ஒருவன் போதும். எமது வீடுகளில் அந்த ஒருவனுக்கு இடம் இருக்கிறதா? வகுப்புத் தோழன் வீட்டுக்கு வருவதென்றால் வீடு ஒதுங்க வைக்க வேண்டும், என்ன சாப்பிடுவானோ தெரியாது, தாய் தகப்பன் யாரோ என்று தயங்குகிறோம். பெண்பிள்ளை என்றால் இன்னும் தயக்கம். "மச்சான்மார், மச்சாள்மார் இருக்கிறார்கள்தானே" என்கிறோம். அவர்கள் நல்ல துணைதான். ஆனால் திங்கட்கிழமை இடைவேளையில் அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது கறி மணக்கிறது என்று ஒருவன் பகிடி பண்ணினால், பக்கத்தில் மச்சான் இருக்கமாட்டான்.

நண்பன் இல்லாத பிள்ளை எப்போதும் தனியாகவே இருந்துவிடுவதில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் தன்னைப் போல் ஒதுக்கப்பட்ட மற்றவர்களைத் தேடிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் தோமஸ் டிஷன் என்பவர் 1990களில் சிறுவர்கள் நண்பர்களோடு கதைப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். விதியை மீறுவது பற்றிய கதைக்கு நண்பன் சிரித்து ஊக்கம் கொடுத்த இடங்களில் பின்னர் குற்றச்செயல்கள் கூடியிருந்தன. சிரிப்புத்தான் பரிசு. 1990களின் பிற்பகுதியில் ரொறன்ரோவில் எமது இளைஞர் குழுக்கள் மோதிக்கொண்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் குழுக்களில் சேர்ந்தவர்களில் பலருக்கு அங்குதான் முதன்முதலில் ஒரு இடம் கிடைத்தது என்பதே எமது எண்ணம்.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொறன்ரோ பாடசாலை மைதானங்களில் படம் பிடித்துச் செய்யப்பட்ட, 2001ல் வெளியான ஆய்வொன்றில், கொடுமைப்படுத்தும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் மற்றப் பிள்ளைகள் சூழ நின்றார்கள். தலையிட்டது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான தடவைகளில். ஆனால் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகள் பத்து வினாடிக்குள் அது நின்றது. "உனக்கேன் தேவையில்லாத வேலை, நீ பேசாமல் இரு" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லும்போது இதை யோசிக்கவும். தானாகப் போய்ப் பிடித்து விலக்க வேண்டும் என்பதில்லை. "விடு அவனை" என்று சொல்வதும், ஆசிரியரைக் கூப்பிடுவதும், ஒதுக்கப்பட்டவனை "வா, எங்களோடு விளையாடு" என்று அழைப்பதும் தலையிடுவதுதான்.

வீட்டில் செய்யக் கூடியவை

அடியாத மாடு படியாது என்பார்கள். பிள்ளை மாடல்ல என்பது ஒரு புறமிருக்க, 2016ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 160,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடி வாங்கும் பிள்ளைகளில் மூர்க்கம் கூடுதலாகவே காணப்பட்டது. சட்டத்தையும் தெரிந்திருத்தல் நல்லது. 2004ம் ஆண்டு கனடிய உச்ச நீதிமன்றம், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் பதின்ம வயதினருக்கும் அடிப்பது, பொருளால் அடிப்பது, தலையிலோ முகத்திலோ அடிப்பது ஆகியவை நியாயமான தண்டனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அகப்பைக்காம்பும் பெல்ட்டும் இதில் அடங்கும்.

பாடசாலையில் இருந்து அழைப்பு வந்த அன்று முதலில் சாப்பாடு கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, தனியாக, "என்ன நடந்தது? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நடந்ததற்குப் பொறுப்பு உண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும், உடைத்ததைத் திருத்த வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆசிரியரிடம் போனால் புள்ளிகளை மட்டும் கேட்காமல், இடைவேளையில் யாரோடு நிற்கிறான், மதியம் யார் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறான் என்றும் கேளுங்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால், அப்பிள்ளையின் பெற்றோருடன் கதைத்து, ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பூங்காவுக்கு இருவரையும் கூட்டிச் செல்லுங்கள். இரவு தங்க விடத் தேவையில்லை. அதற்காக ஒரு வகுப்பை விட வேண்டி வந்தாலும் நட்டமில்லை.

பின்வரும் நிலைகளில் குடும்ப வைத்தியரிடம் தாமதியாது வாருங்கள். முன்பு அமைதியாக இருந்த பிள்ளை திடீரென மாறினால், மிருகங்களைத் துன்புறுத்தினால், ஆயுதம் எடுத்தால், தன்னைக் காயப்படுத்தினால், சாவதைப் பற்றிக் கதைத்தால். குறட்டை விட்டு நித்திரை குழம்பும் பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும், இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையும் எரிச்சலோடு இருப்பார்கள். இவற்றுக்கு இலகுவான வைத்தியம் உண்டு. கவனக்குறைவும் துடிதுடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. வரும்போது இரண்டு கிழமைக் குறிப்பு ஒன்று கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது அடித்தான், எங்கே, யாரோடு. பெற்றோரிடம் சொல்ல விரும்பாத பிள்ளைகள் கிட்ஸ் ஹெல்ப் போன் சேவையை 1-800-668-6868 என்ற இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். இந்த இலக்கத்தைப் பிள்ளையின் கண்ணில் படும்படி குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி விடுங்கள்.