மாலைக்கண் நோயும் அன்றாட உணவு வழக்கமும்

சங்க அங்கத்தினர்களுக்கான சுகாதாரப் பாடம்

பயிரில் நோய் கண்ட பின்னர் மருந்து தேடி அலைவதினும், விதையையும் மண்ணையும் முன்னதாகவே சீர்செய்து கொள்வது மேலானது என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். கடன் ஏறிய பின்னர் வட்டிக்கு வட்டி கட்டுவதினும், மாதந்தோறும் சிறு தொகை சேமித்து வைப்பது மேலானது என்பதைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர். தேகத்தின் விஷயத்திலும் இதுவே நியாயமாகும். வியாதி வந்தபின் வைத்தியம் செய்வதற்குப் பணமும் காலமும் வேண்டும். சில வியாதிகளில் அவ்விரண்டைச் செலவிட்டும் இழந்தது திரும்புவதில்லை. ஒரு காலத்தில் மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் கெடுத்த ஒரு வியாதியை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு உண்டாகிறது, எந்த வழக்கங்களால் தடுக்கப்படுகிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. வியாதியின் அடையாளங்கள்

பகலில் நன்றாக ஓடியாடும் குழந்தை, பொழுது சாய்ந்ததும் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலேயே உட்கார்ந்து விடுகிறது. எதிரே வைத்த சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடுகிறது. வாசற்படியில் தடுக்கி விழுகிறது. இதுவே மாலைக்கண். பெற்றோர் சிலர் இதனைக் குழந்தையின் பயம் என்றோ, சோம்பல் என்றோ எண்ணி வாளா இருந்து விடுவதுண்டு.

அடுத்தபடியாக, கண்ணின் வெள்ளை விழியில் பளபளப்புக் குறைந்து, சோப்பு நுரை போன்ற வெண்திட்டு தோன்றும். அதன் பின்னர் கருவிழி வறண்டு மங்கும். அந்நிலையில் குழந்தைக்குத் தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ கண்டால், கருவிழி சில நாட்களுக்குள் புண்ணாகி உருகிப் போகக்கூடும். முதற்படியிலேயே கவனித்தால் வியாதி முற்றிலும் குணமாகும். கருவிழி உருகிய பின்னரோ, எவ்வளவு பொருள் செலவிட்டாலும் பழைய பார்வையைப் பெறுதல் அரிது.

2. வியாதியின் காரணம்

இவ்வியாதி கிரகபலத்தால் வருவதன்று. கண் திருஷ்டியாலும் வருவதன்று. உணவில் வைட்டமின் ஏ என்னும் சத்துக் குறைவதே இதன் காரணம். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கும், கருவிழி ஈரமாக இருப்பதற்கும், குடல், சுவாசப்பை ஆகியவற்றின் உட்தோல் கெடாமல் நின்று நோய்க்கிருமிகளைத் தடுப்பதற்கும் இச்சத்து இன்றியமையாதது. பால், வெண்ணெய், நெய், முட்டையின் மஞ்சட்கரு, ஈரல் ஆகியவற்றில் இது நேராகவே உள்ளது. கரும்பச்சைக் கீரைகள், மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், காரட் ஆகியவற்றில் கரோட்டின் என்னும் வடிவில் இருந்து, தேகத்திற்குள் சென்றபின் வைட்டமினாக மாறுகிறது.

நாம் மூன்று வேளையும் உண்ணும் அரிசிச் சோற்றில் இச்சத்து இல்லை. ஆகையால் சோறும் ரசமும் மட்டுமே உண்ணும் குழந்தைக்கு வயிறு நிறைந்தாலும் இக்குறை நீங்குவதில்லை. பாய்ச்சல் நிலமும் இருபோக நெல்லும் உடைய வீட்டுக் குழந்தைக்கும் மாலைக்கண் வரக்கூடும் என்பது இதனால் விளங்கும். இது வறுமையால் மட்டும் வரும் வியாதியன்று, வழக்கத்தாலும் வருவது.

3. மதுரை ஆஸ்பத்திரி கண்ட உண்மை

இப்போது அரசு இராசாசி மருத்துவமனை என வழங்கும் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் மருத்துவப் பகுதியின் தலைவராக விளங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இவரே பின்னர் 1976-ல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் நிறுவியவர். சத்துக்குறைவால் கண் கெட்ட குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் குணப்படுத்தி அனுப்பினாலும், வீட்டில் பழைய உணவே தொடருமானால் வியாதி திரும்பி வரும் என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் உணர்ந்தனர்.

ஆகவே 1970-களில் மதுரையில் குழந்தைகளுக்கான போஷாக்கு நிலையம் ஒன்று நடத்தப்பட்டது. இதில் விசேஷம் யாதெனில், குழந்தையுடன் தாயும் அங்கே தங்கினாள். கிராமத்தில் மலிவாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைக்கவும், குழந்தைக்கு ஊட்டவும் அவளுக்குக் கற்பிக்கப்பட்டது. தன் கையால் சமைத்த உணவினாலேயே தன் குழந்தை தேறுவதைத் தாய் தன் கண்ணாலேயே கண்டாள். இந்நிலையத்தின் அனுபவம் 1976-ல் லண்டன் நகரின் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. மருந்து ஒரு முறை குணப்படுத்தும். வழக்கமோ ஆயுள் முழுவதும் காக்கும் என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

4. கண்ணோடு உயிரும்

இச்சத்துக் குறைவு கண்ணோடு நிற்பதன்று. டாக்டர் ஆல்பிரட் சோமர் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தோனேஷியாவின் ஆச்சே பிரதேசத்தில் குழந்தைகளுக்கு இச்சத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இது 1986-ல் வெளியாயிற்று. இது நம் நாட்டிற்கும் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்தது.

மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் ஒரு குழுவினர் திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்து வந்தனர். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினருக்குக் கொடுக்கப்படவில்லை. சத்துப் பெற்ற 7,764 குழந்தைகளில் 37 பேர் இறந்தனர்; பெறாத 7,655 குழந்தைகளில் 80 பேர் இறந்தனர். அதாவது மரணம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. இவ்விவரம் 1990-ல் வெளியாயிற்று. இங்கு அங்கத்தினர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: கொடுக்கப்பட்டது பெரிய மருந்தன்று, நல்ல உணவு உண்ணும் குழந்தை ஒரு வாரத்தில் உணவிலிருந்தே பெறக்கூடிய சிறு அளவே. மாலைக்கண் என்பது கண் விடுக்கும் முதல் எச்சரிக்கை; அதற்குப் பின்னால் நிற்பது உயிராபத்து.

5. கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்

(அ) குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பாலை ஊட்டுக. அதனைப் பீய்ச்சி எறிதல் தவறு. வைட்டமின் ஏ மிகுந்துள்ள பால் அதுவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பின்னர் இரண்டு வயது வரை மற்ற உணவுடன் தாய்ப்பாலும் தொடர்க.

(ஆ) ஆறு மாதம் முடிந்தபின், பருப்புடன் வேகவைத்து மசித்த கீரையையும், பழுத்த பப்பாளியையும், பரங்கிக்காயையும் சிறிது சிறிதாகப் பழக்குக.

(இ) கீரையுடன் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்க்க. கொழுப்பில்லாமல் கரோட்டின் தேகத்தில் சேராது. பாத்திரத்தை மூடி, அளவாக வேகவைக்க. உலர்த்தி வைப்பதானால் நிழலில் உலர்த்துக. கடும் வெயில் சத்தை அழித்துவிடும்.

(ஈ) மலசலம் கழித்த பின்னரும், ஊட்டுவதற்கு முன்னரும் சோப்பிட்டுக் கைகழுவுக. அடிக்கடி வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உடைய குழந்தைக்கு உண்ட சத்து உடலில் ஒட்டாது.

(உ) தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் தவறாமல் போடுக. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டும், பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டும் கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவத்தை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ பெறுக. இத்திட்டம் இந்தியாவில் 1970-ல் தொடங்கியது. இதனைக் கடையில் வாங்கித் தாமாகவே கொடுத்தல் கூடாது; அளவு மீறினால் தீங்கு உண்டாகும். கர்ப்பிணிகள் பெரிய அளவில் உட்கொள்வது கருவிலுள்ள சிசுவுக்கே ஆபத்தாகும்.

6. சில ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

“கீரை கொடுத்தால் குழந்தைக்கு வயிறு போகும்” என்பர். புதிய உணவு எதனையும் ஒரே நாளில் மிகுதியாகக் கொடுத்தால் வயிறு ஒவ்வாதிருக்கலாம். நன்கு கழுவி, வேகவைத்து, மசித்து, ஒரு கரண்டியில் தொடங்கினால் இக்குறை நேராது.

“அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாதே” என்பர். வேப்பிலை செருகுவதையும், தாளிப்பை விலக்குவதையும் யாரும் குறை கூறவில்லை. ஆனால் குழந்தையைப் பட்டினியிடுதல் கூடாது. பாலும், தாளிக்காமலே குழைய வேகவைத்த பருப்பும் கீரையும் கொடுக்கலாம். அச்சமயத்தில் டாக்டரிடம் காட்டி வைட்டமின் ஏ பெறுவது மிகவும் அவசியம். கண்ணில் பச்சிலைச் சாறோ வேறு எண்ணெயோ விடுதல் ஒருபோதும் கூடாது; அதனால் புண் மிகும்.

“கீரை மட்டும் போதுமா?” என்று கேட்பாருமுண்டு. உணவிலுள்ள கரோட்டின் ஏறக்குறைய 12 பங்கு சேர்ந்தால்தான் 1 பங்கு வைட்டமின் ஏ ஆகும் எனக் கணக்கிட்டிருக்கின்றனர். ஆகையால் எப்போதோ ஒரு நாள் உண்ணும் கீரையால் பயனில்லை. தினந்தோறும் உண்பதே பயன் தரும். பாலோ முட்டையோ சேர்ந்தால் இன்னும் நன்று. வியாதியின் அடையாளம் கண்டுவிட்ட குழந்தைக்கோ உணவை மட்டும் நம்பியிராமல் உடனே வைத்தியமும் செய்தல் வேண்டும்.

7. சங்கம் செய்யத்தக்கவை

சோழவந்தான் பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர்வதற்காக அகத்தி வளர்க்கப்படுகிறது. அதன் தழை ஆட்டிற்கும் மாட்டிற்கும் போகும் வீட்டில், குழந்தையின் தட்டிற்கும் ஒரு பிடி வரவேண்டும் அல்லவா? திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி ஊர்களிலும் வீட்டிற்கு ஒரு முருங்கைக்கு நீர்ப்பஞ்சம் ஏற்படாது. போத்து ஊன்றலாம், அல்லது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதைக்கலாம். பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் இரண்டு பப்பாளி நிற்கும். சங்கம் போத்துகளையும் விதைகளையும் நாற்றுகளையும் மொத்தமாகத் தருவித்து அங்கத்தினர்க்கு வழங்கலாம்.

பால் சங்க அங்கத்தினர்க்கு ஒரு வார்த்தை. கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டுக் குழந்தைக்குக் கடுங்காப்பி கொடுத்தல் இலாபமாகாது. பால் பணம் கடனை அடைக்க உதவும். ஆயினும் ஆழாக்குப் பால் வீட்டில் நின்றால் அது நாளைய ஆஸ்பத்திரிச் செலவைத் தடுக்கும் சேமிப்பாகும்.

இக்காலத்தில் கருவிழி உருகிக் குருடாகும் குழந்தைகள் நம் நாட்டில் அரிதாயினர். தடுப்பூசி, வைட்டமின் திரவம், பள்ளிச் சத்துணவு, முட்டை எனப் பல முயற்சிகள் கூடியதனால் இந்நன்மை கிடைத்தது. ஆயினும் நோய் அரிதானது கண்டு வழக்கத்தைக் கைவிட்டால், களையெடுப்பதை நிறுத்திய வயல்போல் அது மீண்டும் தலைதூக்கும்.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் பொழுது சாய்ந்தபின் தடுமாறும் குழந்தையோ கர்ப்பிணியோ உண்டா? இருப்பின் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை யார் ஏற்பது?

2. சென்ற வாரம் நம் வீட்டுக் குழந்தைகள் எத்தனை நாள் கீரை உண்டனர்?

3. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் வைட்டமின் திரவமும் தட்டம்மைத் தடுப்பூசியும் பெறாதவர் எவர்?

4. முருங்கையோ பப்பாளியோ இல்லாத வீடுகள் எத்தனை? அடுத்த மழைக்குள் அவற்றிற்குச் சங்கம் யாது செய்யலாம்?