வீட்டுத் தண்ணீர்த்தொட்டியும் ஆழ்கடல் மிதவையும்
(‘பொருள்களின் இணையம்’ பற்றித் தோழியர் கேட்கும் கேள்விகள்)

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, அணுபுரம்



அறிவியல் கண்காட்சி நெருங்கும்போதெல்லாம் நம் வகுப்பில் ஒரு பேச்சு எழும். ‘பொருள்களின் இணையம் என்கிறார்களே, அதில் ஏதாவது செய்யலாமா?’ என்று ஒருத்தி கேட்பாள். ‘ஐயோ, அதெல்லாம் பொறியியல் கல்லூரியில் படிப்பவர்களுக்கு’ என்று மற்றொருத்தி பின்வாங்குவாள். எட்டாம் வகுப்புத் தங்கைகளும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது என்ன? ஒரு பொருள் தன் நிலையைத் தானே அளந்து, அந்தச் செய்தியைத் தொலைவில் உள்ளவருக்கு மனிதர் உதவியின்றி அனுப்புமானால் அதுவே பொருள்களின் இணையம். இந்தப் பெயரை 1999-இல் கெவின் ஆஷ்டன் என்பவர் சூட்டினார். ஆனால் குழந்தை பெயருக்கு முன்னமே பிறந்துவிட்டது! 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், குளிர்பான இயந்திரத்தில் பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்பதைத் தம் மேசைக் கணினியிலிருந்தே அறிய மாணவர்கள் வழி செய்தனர். மாடி இறங்கிப் போய் ஏமாந்து திரும்பும் அலுப்புதான் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம்.

‘அப்படியானால் இது சோம்பேறிகளின் விளையாட்டுத்தானே?’ என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு விடை நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

நான் வசிக்கும் அணுபுரம், கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில் உள்ள அணுசக்தித் துறைக் குடியிருப்பு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ இன்றும் மறக்கவில்லை. அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கல்பாக்கத்தில் கடல்நீர் இறைக்கும் நிலையத்தில் வெள்ளம் ஏறியது. அன்று இயங்கிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு பாதுகாப்பாக நின்றது. ஆனால் கடலோரத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் பறிபோயின.

தோழியரே, கணக்கிட்டுப் பாருங்கள். இடையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது! நிலநடுக்கத்தை உலகெங்கும் உள்ள கருவிகள் உடனே பதிவு செய்தன. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஹவாயில் எச்சரிக்கை மையம் உண்டு. இந்தியப் பெருங்கடலிலோ, அலை கிளம்பிவிட்டதா என்று அளந்து சொல்லும் வலையமைப்பு இல்லை. அந்தச் செய்தியைக் கரையில் வலை உலர்த்துபவரிடம் கொண்டு சேர்க்கும் பாதையும் இல்லை. அளக்கும் கருவி, செய்தி செல்லும் வழி, செய்தியைப் பெற்றுச் செயல்படும் மனிதர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பயன். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

அதன் பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. ஆழ்கடலில் இதற்கான மிதவைகளை நிறுவிப் பராமரிப்பது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். கடலின் தரையில் ஓர் அழுத்தமானி கிடக்கும். தன் மேல் நிற்கும் நீரின் எடையை அது அளந்துகொண்டே இருக்கும். அளவுகளை ஒலி அலையாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து செய்தி கரைக்கு வரும். இதைவிடப் பெரிய ‘பொருள்களின் இணையம்’ எங்கே இருக்கிறது?

சரி, நாம் ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். மொட்டைமாடிக்குப் போவோம். ‘தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்து!’ என்று அம்மா குரல் கொடுக்காத வீடு உண்டா? தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டும் கருவியே தொடக்க மாணவிக்கு ஏற்றது என்பது என் கருத்து. ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியைப் பலர் சொல்வார்கள். ஆனால் அதில் மண்ணில் செருகும் மலிவான இரு கம்பி உணரி, மின்னாற்பகுப்பினால் சில வாரங்களிலேயே அரித்துப் போகும். நம் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்ளும்!

எந்தப் பலகை வாங்குவது என்பதே எல்லோருடைய முதல் கேள்வி. கடையில் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று ஆர்டுயினோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகவே உருவானது. அதன் எளிய வகையான ‘ஊனோ’ பலகைக்குத் தானாக இணையத்தோடு பேசத் தெரியாது. மற்றொன்று இஎஸ்பி8266 என்னும் சில்லு உள்ள பலகை. 2014-இல் சந்தைக்கு வந்த இந்தச் சீனச் சில்லில் வைஃபை உள்ளேயே உண்டு. நிரல் எழுதவும் விளக்கு மினுக்கவும் மட்டும் பழக வேண்டுமானால் முதலாவது போதும். தொட்டிக் கருவிக்கு இரண்டாவதே சிக்கனம். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒலிபரப்பும் ரவுட்டரை அதனால் காண முடியாது. ‘பலகை கெட்டுவிட்டது’ என்று கடைக்குத் திரும்பப் போகும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

நீர்மட்டத்தை எப்படி அளப்பது? நம் அறிவியல் புத்தகத்தின் எதிரொலிப் பாடம் இங்கே உயிர் பெறுகிறது. எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி உணரி நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைச் சொல்லும். ஒலி போய்த் திரும்புவதால் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். நீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஒலி திரும்ப ஏறத்தாழ 6 மில்லிவினாடி ஆகும். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும் என்பதையும் படித்திருக்கிறோம் அல்லவா? 25 டிகிரியில் வினாடிக்கு 346 மீட்டர். சித்திரை வெயிலில் தொட்டிக்குள் 40 டிகிரியானால் 355 மீட்டர். ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் பிழை வரும். தொட்டிக்கு இது பெரிதல்ல, ஆனால் பிழை எங்கிருந்து வருகிறது என்று அறிவது பெரிது. தொட்டிக்குள் எப்போதும் ஈரம் என்பதால் நீர்புகா வகையே நிலைக்கும். அது மிக அருகில், அதாவது சுமார் 20 சென்டிமீட்டருக்குள் உள்ளதை அளக்காது. எனவே நிறைந்த தொட்டியின் நீருக்கு மேலும் அவ்வளவு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த உணரி 5 வோல்ட்டில் இயங்கி 5 வோல்ட்டையே திருப்பித் தரும். இஎஸ்பி சில்லோ 3.3 வோல்ட் பிள்ளை. நேராக இணைப்பது அதற்குத் தீங்கு. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடராக இணைத்து, பெரிய மின்தடையின் குறுக்கே மின்னழுத்தத்தை எடுத்தால் 5-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் கிடைக்கும். ஓமின் விதியை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்களுக்கு இது இனிய அதிர்ச்சி!

அடுத்து, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை செய்தி அனுப்புவது? ‘ஒவ்வொரு வினாடியும்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நாலு பேர் குடும்பத்தின் தொட்டியில் ஒரு வினாடியில் என்ன மாறிவிடும்? வைஃபையில் பேசும்போது இச்சில்லு சுமார் 70 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும். ஆழ்ந்து உறங்கும்போது சில்லுக்கு 20 மைக்ரோ ஆம்பியர் அளவே தேவை. (பலகையில் உள்ள மற்ற உறுப்புகள் உறங்குவதில்லை, அவை தனியே கொஞ்சம் தின்னும்.) மின்கலத்தில் ஓட்டுவதானால் உறங்க வைப்பதே வழி.

இதை ஆழ்கடல் கருவியிடமிருந்து கற்கலாம். அமெரிக்கர்கள் வகுத்த ‘டார்ட்’ என்னும் மிதவை முறையில், அமைதியான நாளில் 15 நிமிடத்துக்கு ஓர் அளவு போதும் என்று விட்டுவிடுவார்கள். கடலடிக் கருவி அடுத்த ஓதம் எப்படி இருக்க வேண்டும் என்று தானே கணக்கிட்டு வைத்திருக்கும். அளந்தது அந்தக் கணக்கிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினால் உடனே விழித்துக்கொண்டு 15 வினாடிக்கு ஓர் அளவு அனுப்பத் தொடங்கும். நம் தொட்டிக் கருவிக்கும் இதே அறிவைக் கொடுக்கலாம். சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. நீர் ஏறத் தொடங்கினால், அதாவது மோட்டார் ஓடினால், அரை நிமிடத்துக்கு ஒரு முறை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்தி வராவிட்டால் என்ன பொருள்? கைப்பேசியில் ‘தொட்டி பாதி’ என்று இருக்கிறது. அது இப்போதைய அளவா, நேற்று மின்சாரம் போகும் முன் வந்த அளவா? ஆழ்கடல் மிதவைகளும் மீன்பிடிப் படகுகள் இடித்தும் புயலில் அறுந்தும் மௌனமாவது உண்டு. மௌனத்தை ‘எல்லாம் நலம்’ என்று எடுத்துக்கொண்டால் 2004-க்கே திரும்பிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு அளவோடும் நேரத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். திரையில் ‘கடைசிச் செய்தி இத்தனை மணிக்கு’ என்றும் காட்ட வேண்டும். பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் எம்க்யூடிடி என்ற செய்தி முறையை உருவாக்கினார்கள். இன்று சிறுவர் கருவிகளும் அதையே பயன்படுத்துகின்றன. அதில் ‘உயில்’ என்றே ஒரு வசதி உண்டு! கருவி இணையும்போதே, ‘நான் சொல்லாமல் மறைந்துவிட்டால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவியுங்கள்’ என்று நடுவில் உள்ள கணினியிடம் எழுதிக் கொடுத்துவிடும். இதைப் படித்த அன்று எனக்கு உடல் சிலிர்த்தது.

கடவுச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

மோட்டாரைக் கருவியே நிறுத்தும்படி செய்யலாமா என்றும் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அது 230 வோல்ட். மின்பணி அறிந்த பெரியவர் இல்லாமல் அந்தப் பக்கம் கை நீட்ட வேண்டாம். முதல் கருவி அளந்து சொல்லட்டும். சுவிட்சை நாமே நிறுத்துவோம்.

கருவியைப் பொருத்திய முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், அப்பாவோ அண்ணனோ துணை நிற்க, ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் இறக்கி நனைந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பேசி காட்டும் அளவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் எந்த நேரத்தில், எவ்வளவு வேறுபடுகின்றன என்று வரைபடத்தாளில் குறித்துக் கொண்டு வந்தால், ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.