இடர் வருமுன் வழியறிதல்

கொழும்பு மாநகர் மேற்கே கடலையும் வடக்கே களனி கங்கையையும் அயலாகக் கொண்டது. வெள்ளவத்தையார்க்குக் கடல் அணித்து; கொட்டாஞ்சேனைக்கு வடபால் தாழ்நிலத்தில் வாழ்வார்க்கு ஆறு அணித்து. இவை பெருகுங்கால் புகலிடம் சேருமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

2004 டிசெம்பர் 26 ஞாயிறு காலை 7 மணியளவில் சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் நம் கிழக்குக் கரையை அடைந்தது; தென்புறமாக வளைந்து மேற்குக் கரையையும் தாக்கிற்று. அன்று காலை கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோரப் பாதையிற் தெற்கே சென்ற புகைவண்டியொன்று, பெரேலியவில் முதலலையால் நின்றது. அதனையே அரணென்று கருதி ஊரார் பலர் அதில் ஏறினர். அடுத்து வந்த பேரலை வண்டியைப் புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அருகிலிருப்பது எல்லாம் அரணன்று என்பதும், முதலலையோடு இடர் தீராது என்பதும் இதனால் நாம் பெறும் பாடங்கள்.

கடல் திடீரெனப் பின்வாங்குமாயின் அது வேடிக்கையன்று, எச்சரிக்கையாகும். பொருள் எடுக்க நில்லாது, ஒழுங்கை வழியே கிழக்கு நோக்கிச் சென்று காலி வீதியைக் கடத்தல் வேண்டும். அதற்கு நேரமில்லையேல் உறுதியான கட்டடத்தின் மேல்மாடியை அடைக. அதிகாரிகள் அறிவிக்கும்வரை திரும்பலாகாது.

ஆற்றின் இயல்பு வேறு. மலைநாட்டு மழைநீர் கொழும்பை அடையக் காலம் கொள்ளும். 2016 மே மாதத்தில் களனி பெருகியபொழுது கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கிற்று. ஆற்று வெள்ளம் தரும் அவகாசத்தை வீணாக்கலாகாது. அடையாள அட்டை, சான்றிதழ்கள், மருந்து, குடிநீர் என்பவற்றை நீர்புகாப் பையில் இடுக, மின்னிணைப்பைத் துண்டிக்குக, முதியோரையும் குழந்தைகளையும் பகற்பொழுதிலேயே அனுப்புக.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் அதற்கென நிலையம் அமைந்துள்ளது. 117 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதனோடு தொடர்புகொள்ளலாம். எச்சரித்தல் அரசின் கடன். வழியறிந்திருத்தல் நம் கடன்.

இன்று வெள்ளவத்தை மாடி வீடுகளில், பிள்ளைகள் கடல்கடந்து வாழத் தாம் தனித்திருக்கும் பெற்றோர் பலர். அவர்களை யார் அழைப்பார், எங்குச் சேர்ப்பார் என்பதை அமைதியான நாளிலேயே அயலாரோடு பேசி முடிவு செய்தல் வேண்டும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் தம் பெற்றோரின் அயலார் ஒருவரது தொலைபேசி இலக்கத்தையேனும் அறிந்திருப்பாராக. உள்ளூர் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் வீட்டாருடன் அவ்வழியை நடந்து பார்ப்பாராக. நடந்தறிந்த வழியே இடர்க்காலத்தில் நினைவில் நிற்கும்.