தங்கவயல் சிறுவர்க்கான நூல்களை மதிப்பிடுதல்

கருநாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயல் வாசிப்புக்குப் புதிய ஊரன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பொறுப்பை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு இத்தொழிலாளரிடையே வாசகர் இருந்தனர். அவர் மறைவுக்குப் பின்னொரு காலத்தில் அவ்விதழ் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஆயின் 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிச் சென்று வேலை பார்ப்போர் பலர். விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் வீடு திரும்பும் பெற்றோர் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டுவதற்கு நேரம் ஏது? ஆகவே பள்ளி அலமாரியிலுள்ள நூல், துணையின்றித் தானே பிள்ளையிடம் பேச வேண்டிய நிலையில் உள்ளது. அந்நூலைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பு இதனால் மிகுகிறது.

தாய்மொழி வழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 350-அ பிரிவு, 1956-இல் சேர்க்கப்பட்டது. வசதி என்பது கட்டடமும் ஆசிரியரும் மட்டும் அன்று. படிக்கத் தகுந்த நூலும் அதில் அடங்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்குரிய நூல் எளியதா என்பதை எவ்வாறு அறிவது? வாக்கியம் குறுகியிருந்தால் எளிது என்பது பரவலான எண்ணம். ஆங்கில நூல்களுக்காக வகுக்கப்பட்ட அளவுகோல்கள் பல, வாக்கியத்திலுள்ள சொற்களை எண்ணுவதையே அடிப்படையாகக் கொண்டவை. தமிழுக்கு இது பொருந்தாது. ‘பறவைகளெல்லாம் பறந்துகொண்டிருந்தன’ என்பதில் இரண்டே சொற்கள். ஆனால் இரண்டாவது சொல்லில் மட்டும் பதினொரு எழுத்துகள் உள்ளன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அதன் முடிவை எட்டுவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். ‘பூனை வந்தது. பால் குடித்தது. படுத்துத் தூங்கியது.’ என்பதில் மூன்று வாக்கியங்கள், ஆறு சொற்கள். எந்தச் சொல்லும் ஐந்தெழுத்துக்கு மேற்படவில்லை. மொத்த எழுத்துகளை எண்ணினால் இதுவே நீளமானது. படிப்பதற்கோ இதுவே எளிது. எனவே தமிழில் முதலில் அளக்க வேண்டியது சொல்லின் நீளம். ஒட்டி நிற்கும் துணைவினைகளும், சந்தியால் இணைந்த சொற்களும் ஒரு பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நூலின் கடினம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இதனோடு சேர்ந்தது பேச்சு வழக்கின் சிக்கல். வட ஆர்க்காட்டுப் பேச்சின் சாயல் படிந்த வீட்டில் வளரும் பிள்ளை ‘பறந்துகினு’ என்று சொல்லும். நூல் ‘பறந்துகொண்டு’ என்கிறது. நூலைப் பேச்சு வழக்கிலேயே அச்சிட்டுவிட்டால் போதும் என்பார் உளர். அது முழுத் தீர்வாகாது; அடுத்த ஊரின் பிள்ளைக்கு அது அயலாகிவிடும். கதை மாந்தரின் உரையாடல் பேச்சுத் தமிழிலும், விவரிப்பு எளிய எழுத்துத் தமிழிலும் அமைந்த நூல்கள் இரண்டையும் இணைக்கும் பாலமாகின்றன. தேர்வின்போது இத்தகையவற்றுக்கு முதலிடம் தருவது தகும்.

தங்கவயல் பிள்ளை தமிழை மட்டும் கேட்டு வளர்வதில்லை. கன்னடமும் தெலுங்கும் தெருவிலேயே உள்ளன. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடமும் ஆகும். கன்னட எழுத்து முறையில் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகல்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலிப்பு வேறு. இரண்டையும் ஒருங்கே கற்கும் பிள்ளை இவ்விடத்தில் தயங்குவது அறிவுக் குறைவன்று. பிள்ளை முன்பே செவியால் அறிந்த சொற்கள் நிறைந்த நூலில் இத்தயக்கம் தானே தீரும். புதிய சொற்கள் குவிந்த நூலில் அது பெருகும். பாரதியார், கவிமணி, அழ. வள்ளியப்பா ஆகியோர் வழிவந்த பாடல் நூல்கள் இவ்வகுப்புகளில் பயன்படுவதற்கு இதுவே காரணம். பாட்டு கண்ணில் படுமுன் காதில் நுழைந்துவிடுகிறது.

அச்சமைப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வரி முடிவில் இடம் போதாமல் சொல்லைப் பாதியில் முறித்து, இணைகோடும் இன்றி அடுத்த வரியில் தொடர்வது தமிழ் அச்சில் வழக்கம். வளர்ந்தோர் இதைக் கவனிப்பதே இல்லை. தொடக்க வாசகருக்கு அது இரண்டு பொருளற்ற சொற்கள். இத்தகைய முறிவு உள்ள நூலை, கதை எவ்வளவு நன்றாயினும், முதல் வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம். பழைய நூலகங்களிலிருந்து நன்கொடையாக வரும் நூல்களில் மற்றொரு தடை உண்டு. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ணா, றா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய நூலைத் திறக்கும் பிள்ளை, தான் கற்ற ‘னை’யைக் காணாது திகைக்கும். அந்நூல்களை மேல் வகுப்புக்கு அனுப்புவதே முறை.

இனி உள்ளடக்கம். சிறுவர் நூல் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். தமிழ்ச் சிறுவர் நூல்களில் நெல்வயலும் ஆற்றங்கரையும் ஏராளம். தங்கவயல் பிள்ளைக்கு அவை நல்ல சன்னல்கள். ஆயின் சுரங்கக் கோபுரமும், தாதுவை அரைத்துக் கழித்த சயனைடு மண்மேடும், வரிசை வீடுகளும் எங்கே? கண்ணாடி மிக அரிது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தம் தாத்தாவின் தொழிலை எந்தப் படத்திலும் காணாமல் வளர்வது சிறு குறையன்று. ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பெரும்பான்மையாக உழைத்த ஊர் இது; ஆதலால் உடலுழைப்போரை நகைப்புக்கோ இரக்கத்துக்கோ மட்டும் உரியவராகக் காட்டும் படங்களைத் தேர்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும். வாசகம் குற்றமற்றதாயினும் படம் குற்றமுடையதாக இருக்கலாம். கதையின் இறுதியில் தடித்த எழுத்தில் நீதி ஒன்று இருந்தால் நூல் எளிதில் ஒப்புதல் பெறுகிறது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. அந்த வரியைப் பிள்ளைகள் படிப்பதில்லை. கொள்முதல் குழுவினர் படிக்கின்றனர்.

இவ்வளவும் மேசையில் அமர்ந்து செய்யும் ஆய்வு. பிள்ளையின் முன்னிலையில் செய்யும் ஆய்வு எளிது, செலவும் இல்லை. ஐந்தாறு பிள்ளைகளிடம் தனித்தனியே ஒரு பக்கத்தைத் தந்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தயங்கும் சொல்லின் கீழ் ஒரு கோடு இட வேண்டும். எல்லாத் தாள்களிலும் ஒரே சொல்லில் கோடு விழுந்தால் குறை நூலினுடையது. ஒருவர் தாளில் மட்டும் விழுந்தால் அப்பிள்ளைக்கு உதவி தேவை. பின்னர் நூலை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். பிள்ளை பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் சொன்னாலும் கதை பிடிபட்டிருந்தால் அது முழு மதிப்பெண்ணுக்கு உரியது. அடுத்த நாள் அதே நூலை யார் தாமே வந்து கேட்கிறார்கள் என்பதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கொள்முதலின்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே.