வேலையைப் பங்குபோடும் கணினிகள்

கேள்வி: 'டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்' என்றால் என்ன? மின்சாரத்துக்கும் அதே சொல்லைப் போடுகிறார்களே?

பதில்: ஒரே வேலையைப் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்வதுதான். 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' நல்ல உதாரணம். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்தவற்றில் வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னல் ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கு வேண்டிய சூப்பர் கம்ப்யூட்டருக்குக் காசு ஏது? பதிவுகளைச் சின்னத் துண்டுகளாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியே அனுப்பினார்கள். கணினி சும்மா கிடக்கும் நேரத்தில் ஸ்கிரீன் சேவர் ஓடும். கூடவே கணக்கும் ஓடும். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள், கரன்ட் பில்லையும் அவர்களே கட்டிக்கொண்டு! 2020 மார்ச்சில் துண்டுகள் அனுப்புவதை நிறுத்தும்வரை வேற்றுக்கிரகவாசி யாரும் சிக்கவில்லை.

வீட்டுக் கணினியை முழுசாக நம்ப முடியாது. யாராவது பாதியில் அணைத்துவிடுவார்கள், விடையும் தப்பலாம். அதனால் ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிட்டார்கள். பங்குபோடுவது சுலபம், நடுவில் ஒரு கணினி காணாமல் போனால் சமாளிப்பதில்தான் இத்துறையின் கஷ்டமெல்லாம்.

மின்சாரத்தில், பெரிய மின்நிலையத்தை மட்டும் நம்பாமல், மொட்டைமாடி சோலார் போல ஆங்காங்கே உற்பத்தி செய்வதைச் சொல்கிறார்கள். புள்ளியியலில் வரும் 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் வேறு விஷயம்: மதிப்பெண்களோ உயரங்களோ எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது. அதை இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.